காயில்காரரிடம் கேட்க வேண்டியது

கண்டக்டர் பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாரே தவிர, அவருடைய தொண்டை ஓய்வு பெறவில்லை. மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து நின்றால் போதும், கீழேயிருந்து குரல் வரும்: "ஏறுறவங்க ஓரமா, இறங்குறவங்க முன்னால. உள்ள எடம் இருக்கு, உள்ள போங்க." மூன்று மாடிக் கட்டிடம், ஒரே படிக்கட்டு. தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு நேரெதிரே அவர் வீடு. கதவைச் சாத்துவது என்ற பழக்கமே அவருக்குக் கிடையாது. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், எந்த வீட்டில் சண்டை, யாருக்கு இருமல், எல்லாம் அத்துப்படி.

"நீங்க இன்னும் வண்டியிலதான் நிக்கிறீங்க" என்பாள் அவர் மனைவி.

"கடைசி ஸ்டாப் வர்ற வரைக்கும் நிக்கத்தானே வேணும்."

எதையும் கேட்டுவிடும் வாய் அது. வேலை போனவனை நிறுத்தி ஏன் போனது என்று கேட்கும். கல்யாணமாகாதவளிடம் ஏன் ஆகவில்லை என்று கேட்கும். கேட்டுவிட்டு, அந்தக் காயம் ஆறட்டும் என்பது போல ஒரு ஜோக்கும் அடிக்கும். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வருடக்கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடியில் காயில்காரர் குடியிருந்தார். எரிந்துபோன மோட்டார்களின் காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளை, மறுபடி சுற்றுவது அவர் தொழில். ஃபேனோ, தண்ணீர் மோட்டாரோ, கருகிய சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, இடுக்குகளில் காகிதம் செருகி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். கூடவே இஸ்திரிப்பெட்டி, ரேடியோ என்று எது வந்தாலும் பார்ப்பார். பேச்சு குறைவு. இரண்டு பேருக்கான பேச்சையும் அவர் மனைவி பேசிவிடுவாள். பிள்ளைகள் இல்லை. அவள் இறந்த சில மாதங்களில் கடையை மூடி, சாமான்களை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். "வீட்டுல இருந்தே செய்யறது வசதி" என்றார். எல்லோரும் நம்பினார்கள். அப்படி நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஒரு மதியம், முதல் மாடித் தையல்காரம்மா இஸ்திரிப்பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போனவர், செருப்பைக்கூட மாட்டாமல் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். "அண்ணே, கதவு தட்டினா திறக்கல. உள்ளதான் இருக்கார். எனக்குச் சரியாப் படல."

கண்டக்டர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். அதற்கடுத்த கொஞ்ச நேரத்தைப் பற்றி அந்தக் கட்டிடத்தில் யாரும் பேசியதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, உயிர் இருந்தது, அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பொழைக்கணும்னு எத்தனை பேர் வந்து கெடக்கறாங்க. இவங்களுக்கு என்ன வந்துச்சோ." அவள் கெட்டவள் இல்லை. நாள் முழுக்க நின்ற கால் வலியில் பேசினாள். ஆனால் கண்ணை மூடிக் கிடந்த காயில்காரரின் தொண்டை ஏறி இறங்கியதைத் தையல்காரம்மா பார்த்தார்.

அப்புறம் போலீஸ்காரர் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார். "மயங்கி விழுந்துட்டார் சார். வெயிலு."

போலீஸ்காரர் கட்டிலையும் கண்டக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வெயில் என்ற காரணம் போதுமானதாக இருந்தது. "இனிமே மயங்கி விழாம பாத்துக்கச் சொல்லுங்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனநல டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். சின்ன வயதுப் பெண். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். எழுதிக்கொண்டே வேகமாகச் சொன்னார்: "தனியா விடாதீங்க. மாத்திரைய அவர்கிட்ட குடுக்காதீங்க, யாராவது ஒருத்தர் வச்சுக்கிட்டு வேளாவேளைக்குக் குடுங்க. அப்புறம், எப்படி இருக்குன்னு அவர்கிட்டயே நேராக் கேளுங்க. சாகணும்னு தோணுதான்னே கேளுங்க. கேக்கறதால அந்த நெனப்பு வராது. பயப்படாதீங்க."

கண்டக்டர் வராந்தாவுக்கு வந்ததும் வெடித்தார். "படிச்ச பொண்ணு பேசற பேச்சாம்மா இது? அவரே மறக்கப் பாக்கறார். நாம போய், சாகறதப் பத்தி என்ன நெனக்கறீங்கன்னு விசாரிக்கறதா? எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாது?"

தையல்காரம்மா மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் படிக்கட்டிலேயே கூட்டம் போட்டார்கள். கண்டக்டர் கீழ்ப்படியில் நின்று தலைமை தாங்கினார். அவர் மனைவி, தையல்காரம்மா, இரண்டாம் மாடிக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். "அந்த விஷயத்தப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் கண்டக்டர். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'அந்த விஷயம்' என்றே ஆகிவிட்டது. "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கணும். ஆனா ஆள் மாத்தி ஆள் மேல போய்க்கிட்டே இருக்கணும்."

"சும்மா சும்மா போனா அவருக்குத் தெரியாதா?" என்றது இரண்டாம் மாடி.

தையல்காரம்மாதான் வழி சொன்னார். "வேலை குடுங்க. கையில வேலை இருந்தா அந்தத் தம்பி எந்திரிக்கும்."

முதலில் உண்மையான பழுதுகள் போயின. எத்தனையோ நாளாக மூலையில் கிடந்த டேபிள் ஃபேன், சூடாகாத இஸ்திரிப்பெட்டி, முனகும் தண்ணீர் மோட்டார். காயில்காரர் எழுந்தார். குளித்தார். மாலையில் படிக்கட்டு முழுக்க வார்னிஷ் வாசனை இறங்கி வந்தது. கண்டக்டருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மார்பு விரியும். இரண்டு டீயை எடுத்துக்கொண்டு மேலே போய் உட்கார்ந்து, பழைய பஸ் கதைகளை அவிழ்த்துவிடுவார். காயில்காரர் பாதிச் சிரிப்பு சிரிப்பார். கண்டக்டர் கம்பியைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், டீ டம்ளரைப் பார்ப்பார். அவர் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

பழுதான சாமான்கள் தீர்ந்துபோனபோது கொஞ்சம் திண்டாட்டம் வந்தது.

"தானாக் கெட்டுப்போற வரைக்கும் காத்திருந்தா ஆகுமா? நாமதான் கெடுக்கணும்" என்றார் கண்டக்டர். முதல் பலி அவர் வீட்டு ரேடியோ.

"அவர் பொழைக்கட்டும், வேணாங்கல" என்றாள் மனைவி. "நான் எதுல பாட்டு கேக்கறது?"

"நான் பாடறேன்."

"அதுக்கு அப்புறம் என்னையும் ஒருத்தர் பாத்துக்கணும்."

இரண்டாம் மாடியில் ஒரு மிக்சியைத் தண்ணீரில் முக்கினார்கள். இன்னொரு வீட்டு ஃபேனுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்தினார்கள். காதும் காதும் வைத்த மாதிரி எல்லாம் நடந்தது. மொத்தக் கட்டிடமும் தன் சாமான்களைத் தானே உடைத்து ஒரு மனிதனை நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் ஒருவரும் அவனிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தையல்காரம்மாவின் முறை வந்தது. மிஷினுக்கு மேலே தொங்கும் சின்ன ஃபேனை இறக்கி, மூடியைக் கழற்றினார். துணி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டார். துணிக் கத்தரியைக் கம்பியில் வைக்க எந்தத் தையல்காரிக்கும் மனசு வராது. ஒருதரம் வைத்தால் அதன் வாய் போய்விடும். மேஜை டிராயரில் பழைய ஜிக்ஜாக் கத்தரி ஒன்று கிடந்தது. துணியின் ஓரம் பிரியாமலிருக்கப் பல்பல்லாக வெட்டும் கத்தரி. மழுங்கிப்போய்ப் போட்டிருந்தது. அதை எடுத்துச் சுருளில் வைத்து ஒரே அழுத்து.

ஃபேன் மேலே போனது. மறுநாள் காலை எல்லா வீட்டு வாசலிலும் அவரவர் சாமான் வந்து உட்கார்ந்திருந்தது. ரேடியோ, மிக்சி, ஃபேன்கள். துடைத்து, ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார் காயில்காரர். இரவல் வாங்கியிருந்த ஏணிகூடத் திரும்பி வந்திருந்தது. என்றைக்கோ கண்டக்டர் மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

கண்டக்டர் படிக்கட்டில் நின்று கைதட்டினார். "பாத்தீங்களா! ஆள் தேறிட்டார். ஒரே ராத்திரியில அத்தனையும் முடிச்சிருக்கார். ஒருத்தர் பொருள் ஒருத்தர்கிட்ட தங்கக் கூடாதுன்னு எவ்வளவு பொறுப்பு!"

முதல் மாடியிலிருந்து தையல்காரம்மா இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. அவருடைய ஃபேன் மட்டும் பழுது பார்க்கப்படாமல் வந்திருந்தது. அதன் கழுத்தில், சுருளின் இடுக்கிலிருந்து எடுத்த ஒரு காகிதத் துண்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. அதன் ஓரம் பல்பல்லாக இருந்தது.

"அண்ணே, அவருக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா என்ன, கோச்சுக்குவார். நாலு நாள் பேச மாட்டார்."

"கோவப்பட்டவர் ஏணியத் திருப்பிக் குடுப்பாரா? டப்பாவக் கழுவி வப்பாரா? கணக்கு முடிக்கற மாதிரி இருக்கு அண்ணே. வாங்க, மேல போய்க் கேட்டுருவோம்."

"என்னத்தக் கேக்கறது?"

"டாக்டரம்மா சொன்னத."

கண்டக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்னால ஆகாதும்மா. என் வாயால அந்த வார்த்தையச் சொல்லி, அப்புறம் அவர் ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நான் இருக்கறதா செத்ததா?"

"கேக்காம விட்டு ஏதாச்சும் ஆனா?"

தையல்காரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு ஏறினார். கண்டக்டர் பின்னாலேயே போய், மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரோடு சுவராக நின்றுவிட்டார். அங்கிருந்து வீடு தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

நாற்காலி இழுபட்டது. தையல்காரம்மா மூச்சு வாங்கினார். பிறகு, துணிக்கு அளவு கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்:

"தம்பி, சாகணும்னு தோணுதா?"

கண்டக்டர் தன் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினார்.

"தோணுது" என்றார் காயில்காரர்.

"இன்னைக்கா?"

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்ல."

"ம்."

"ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? எல்லார் வீட்டு ஃபேனும் ஒரே சமயத்துல எரியுதே, நான் இல்லன்னா இவங்க என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் தினம் எந்திரிச்சேன். நேத்து உங்க ஃபேனத் தொறந்து பாத்தா, பல்லு பல்லா வெட்டியிருக்கு. அப்புறம் மத்ததெல்லாம் எப்படிக் கெட்டுச்சுன்னு புரிஞ்சுது. எனக்கு பொம்மை குடுத்து வெளையாட விட்டிருக்கீங்க."

"ஆமா. தப்புதான். பயத்துல பண்ணிட்டோம்."

"என்ன பயம்?"

"நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு பயம் தம்பி. வேற என்ன?"

கூரை இடிந்து விழவில்லை. உள்ளே ஒரு மனிதர் அழும் சத்தம் கேட்டது. அழத் தெரியாதவர் அழுகிற அழுகை, இருமல் மாதிரி. கண்டக்டர் அதை அதற்கு முன் கேட்டதில்லை. தன் மனைவி செத்த அன்றுகூடக் காயில்காரர் அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அங்கயே நிக்காம செருப்ப மாட்டுங்க" என்று உள்ளேயிருந்தே கூப்பிட்டார் தையல்காரம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அன்று மனநல டாக்டர் வரும் நாள் இல்லை. கவுண்டரில் இருந்தவன் நிமிர்ந்து பார்க்காமல், "என்ன தொந்தரவு?" என்றான்.

"தலைசுத்தல்" என்றது கண்டக்டரின் வாய். யோசித்துச் சொன்னதில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

"அந்த வரிசையில நில்லுங்க."

காயில்காரர் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "தலைசுத்தல் இல்ல. சாகணும்னு தோணுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

கவுண்டர்காரன் நிமிர்ந்தான். யாரையோ கூப்பிடப் போனான். கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ், முன்பு கால்வலியில் பேசியவள், வந்து அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மாலைக்குள் டாக்டரை வரவழைத்தார்கள். சில வாரங்கள் அங்கேயே வைத்திருந்தார்கள். ஜன்னலில் கம்பி போட்ட, இரவும் பகலும் விளக்கெரியும் நீளமான அறை. தையல்காரம்மா துணிகளைக் கொண்டுபோய்க் கட்டிலருகே உட்கார்ந்து கையால் பட்டன் தைத்தார். அந்த அறையில் ஊசிக்கு அனுமதியில்லை என்று தெரிந்ததும், ஊசியை வாசலில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் சும்மா உட்கார்ந்தது அங்கேதான்.

காயில்காரர் வீடு திரும்பினார். தேறிவிட்டாரா என்று கேட்டால், இல்லை. மாத்திரையால் கை நடுங்கும். மெல்லிசுக் கம்பி சுற்ற முடியாது, தண்ணீர் மோட்டார் மட்டும் பார்த்தார். ஆனால் தினமும் சாயங்காலம் தையல்காரம்மா மாத்திரையும் தண்ணீருமாக ஏறிப்போய், அதே குரலில் கேட்பார்: "இன்னைக்கு எப்படி? சாகணும்னு தோணுதா?" ஒரு நாள் "இல்ல" என்பார். ஒரு நாள் "லேசா" என்பார். "இருக்கு" என்ற நாளில் தையல்காரம்மா அங்கேயே இருந்துவிடுவார். மோசமான நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

ஜிக்ஜாக் கத்தரி வெட்டிய ஃபேனைக் காயில்காரர் மறுபடி மேலே வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, சரிசெய்து தரவே இல்லை. "வேணும்னு வெட்டினதுக்கு நான் பொறுப்பில்ல அக்கா." தையல்காரம்மா நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "உங்க கோவம் தீர்ற வரைக்கும் வேகறேன்" என்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்தக் கட்டிடத்தில் 'அந்த விஷய'த்தை வைத்துச் சிரிக்க முடிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

இப்படியே சில வருடங்கள் போயின. தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர் நடந்து வரவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெளியூரிலிருந்து மகள் வந்தாள். அம்மாவை எடுத்துப்போய்க் காரியமெல்லாம் முடித்து, மிஷின் மீது துணியைப் போட்டு மூடி, வீட்டைப் பூட்டினாள். போகும்போது கண்டக்டரிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாள்.

"மாமா, இது மேல் வீட்டு மாமாவோட மாத்திரை. இத்தன நாளும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். அம்மா உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"'அண்ணன் கேப்பார்'னு சொன்னாங்க. என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியல."

அன்று சாயங்காலம் ரேடியோ ஓடவில்லை. கண்டக்டர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திறந்த கதவருகே உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நேரம் ஏற ஏற, மேலே ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பது அவருக்குச் சத்தம் போல் கேட்டது.

ஏறினார். முதல் மாடிப் பூட்டைப் பார்க்காமல் கடந்தார். வழக்கமாக நின்றுவிடும் திருப்பத்தில் கால் தானாக நின்றது. அதையும் தாண்டினார்.

காயில்காரர் விளக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தையல்காரம்மாவின் ஃபேன் பிரித்துக் கிடந்தது. நடுங்கும் விரல்களால் புதுக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா காயிலு, சாப்டாச்சா?" என்றார் கண்டக்டர். குரல் பஸ்ஸில் கூப்பிடுவது போலப் பெரிதாக வந்தது.

"அதக் கேக்கவா வந்தீங்க?"

"இல்ல, மாத்திரை."

"குடுங்க."

விழுங்கினார். தண்ணீர் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கண்டக்டர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். கதவு பின்னாலேயே இருந்தது.

"இத இன்னைக்கு முடிச்சிருவேன்" என்றார் காயில்காரர், ஃபேனைப் பார்த்தபடி. "முடிச்சு யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் தெரியல."

கண்டக்டருக்கு அந்த ஏணியும் கழுவிக் கவிழ்த்த டப்பாவும் கண்முன் வந்தன.

"காயிலு." டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு... சாகணும்னு தோணுதாய்யா?"

இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. காயில்காரரின் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்த முகம் எவ்வளவு வற்றிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

காயில்காரர் கம்பியைக் கீழே வைத்தார். "இருக்கு. இன்னைக்கு நெறைய இருக்கு."

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. தையல்காரம்மா அடுத்து என்ன சொல்வார் என்று அவர் கேட்டதே இல்லை. அந்த நேரத்துக்கெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆனால் "இருக்கு" என்ற நாளில் அந்தம்மா கீழே இறங்கி வந்ததில்லை. அது மட்டும் தெரியும்.

"தள்ளி உக்காரு" என்றார்.

காயில்காரர் நகர்ந்து இடம் விட்டார். கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கு டாக்டர் வர்ற நாள் இல்ல."

"வர வப்போம். கவுண்டர்ல நானே சொல்றேன். தலைசுத்தல்னு சொல்ல மாட்டேன்."

காயில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்பது போல, "உங்க வீட்டுல ஃபேன் ஓடுதா?" என்றார்.

"நேத்துலேர்ந்து ஓடல."

"எதால வெட்டினீங்க?"

"வெட்டலய்யா. இந்தத் தடவ தானாப் போச்சு" என்றார் கண்டக்டர். அது உண்மை. சொல்லும்போதே துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். தையல்காரம்மா போனதற்கு அவர் அதுவரை அழுதிருக்கவில்லை.

காயில்காரர் கம்பியின் நுனியைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். "இத இறுக்கமாப் பிடிங்க. விட்டா அவிழ்ந்துரும்."

கண்டக்டர் பிடித்துக்கொண்டார். கீழே, அவர் சாத்தாத கதவை மனைவி இன்னொருமுறை பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டாள்.